ஒரு லட்சம் கன அடின்னா எவ்வளவு? ஸ்ரீரங்கத்தை லேப்டாப்பில் வரைந்து பார்த்தேன்!

“ஏன்டி, நீ பத்திரிகையிலதானே இருக்க? இந்த மேப் நிஜமான்னு பார்த்துச் சொல்லு!”

திருவானைக்காவலில் இருக்கும் சித்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்த கேள்வி இது. கூடவே ஒரு படம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் ஸ்ரீரங்கம் தீவு. அதன்மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று வண்ணங்கள். தலைப்பில் ‘வெள்ள அபாயப் பகுதிகள்’ என்று கொட்டை எழுத்து. யார் வரைந்தது, எந்தத் தேதி, எந்தக் கணக்கை வைத்து... எதுவும் இல்லை.

சித்தியும் சித்தப்பாவும் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. அதனால் தரைத்தளம். ரிட்டயர்மென்ட் பணத்தில் பெரும்பகுதி இதில்தான் போகப்போகிறது. அந்த ஃபிளாட் இருக்கும் தெரு, படத்தில் நல்ல ரத்தச் சிவப்பு.

‘ஃபார்வேர்டு மெசேஜ் சித்தி, விடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அப்படித் தள்ளிவிடக்கூடிய ஊரில்லை இது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கம் இருந்த 45 மதகுகளில் 9 உடைந்து ஆற்றோடு போயின. அதே மாதத்தில்தான் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் தூண் சரிந்து விழுந்தது. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில், கொள்ளிடத்தில் நின்றிருந்த உயர் அழுத்த மின்கோபுரத்தை வெள்ளம் சாய்த்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம். இங்கே ஒருத்தர் சிவப்பு வண்ணத்தைப் பார்த்துப் பயந்தால் அது சும்மா பயம் கிடையாது.

சரி, அந்த மேப்பை நாமே வரைந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். க்யூ.ஜி.ஐ.எஸ் என்றொரு மென்பொருள் இருக்கிறது. இலவசம். உலகம் முழுக்க விஞ்ஞானிகளும், அரசுத் துறைகளும், கல்லூரி மாணவர்களும் பயன்படுத்துவது. செயற்கைக்கோள் தரவுகளும் இப்போது இலவசம். இரண்டு சாயங்காலம் போதும், ஒரு வெள்ள அபாய மேப் தயார். பிரச்னையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு விநாடிக்கு 236 லாரி

மேப்புக்குப் போகும் முன் அந்த எண். மேட்டூரிலிருந்து ‘ஒரு லட்சம் கன அடி திறப்பு’ என்று டி.வி-யில் ஓடும்போது நம் மனதில் என்ன படம் வருகிறது? எனக்கு ஒன்றும் வந்ததில்லை. நிறைய தண்ணி, அவ்வளவுதான்.

ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஒரு லட்சம் கன அடி என்றால் விநாடிக்கு 28 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விநாடியும் 236 லாரிகள் தாண்டிப் போகின்றன. (ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரமும் 236 அடி. சும்மா தற்செயல்தான். ஆனால் இந்தக் கணக்கைச் சொன்னதிலிருந்து சித்தி மறக்கவே இல்லை.) அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டி.எம்.சி. மேட்டூர் அணையின் மொத்தக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆக, பதினோரு நாளில் ஒரு மேட்டூரே நம் ஊரைக் கடந்துவிடும்.

இந்த எண்களை ஒரு கிராஃப்பில் போட்டால் இன்னொன்றும் தெரிகிறது. மேட்டூரில் திறந்துவிட்ட அளவை ஒரு கோடாகவும், முக்கொம்புக்கு வந்துசேர்ந்த அளவை இன்னொரு கோடாகவும் வரைந்தேன். தினசரிகளில் வந்த எண்களே போதும், எக்ஸெல் போதும். முதல் கோடு ஏறும். இரண்டாவது கோடு ஒரு நாளுக்கு மேல் தள்ளி ஏறும். நடுவே 170 கிலோமீட்டருக்கு மேல் ஆறு இருக்கிறதே! அந்த இடைவெளிதான் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் கிடைக்கும் அவகாசம். மாட்டை அவிழ்க்கவும், வாழைத்தாரை வெட்டவும், கட்டிலின் மேல் கட்டில் போடவும் அந்த நேரம்தான். ‘ஒரு லட்சம் கன அடி’ என்ற செய்தியில் இல்லாத இந்த விஷயம், இரண்டு கோடுகளில் பளிச்சென்று தெரிகிறது.

அதே கிராஃப்பில் சில நாள்கள் இரண்டாவது கோடு முதல் கோட்டைவிட உயரமாகப் போகும். மேட்டூரில் திறந்ததைவிட முக்கொம்பில் அதிகம் எப்படி? நடுவே பவானியும் அமராவதியும் வந்து சேர்கின்றன. மேட்டூர் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் ஏமாறும் இடம் இது. முசிறியில் மத்திய நீர்வள ஆணையம் ஆற்றின் மட்டத்தை அளக்கிறது. அந்த ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்பு இணையதளத்தில் இப்படிப்பட்ட கிராஃப்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெள்ளச் சமயத்தில் டி.வி-க்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைவிட அதைத் திறந்துவைத்துக்கொள்வது மேல்.

கிராஃப்பும் பொய் சொல்லும் என்பதற்கு மேட்டூரே நல்ல உதாரணம். நாம் எல்லோரும் மேட்டூரை அடியில்தான் பேசுவோம். ‘100 அடியைத் தொட்டது’ என்றால் டெல்டாவே சந்தோஷப்படும். முழு அளவு 120 அடி. அப்படியானால் 100 அடி என்பது 83 சதவிகிதம்தானே? இல்லை. 100 அடியில் இருப்பு 65 டி.எம்.சி-க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது 70 சதவிகிதம்கூட இல்லை. 60 அடியில், உயரத்தில் பாதி. தண்ணீரோ சுமார் கால்வாசிதான். அணை கிண்ணம் மாதிரி, மேலே போகப்போக அகலம். அடிக்கணக்கில் வரைந்த கிராஃப்பைப் பார்த்து ‘பாதி இருக்கே’ என்று நினைக்கும் விவசாயிக்கு நிஜத்தில் பாதி இல்லை. ஒரே அணை, ஒரே நாள், இரண்டு கிராஃப். எதைக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து நம்பிக்கையும் மாறிப்போகிறது.

சிவப்பு எங்கிருந்து வந்தது?

இப்போது சித்தியின் மேப். அது எப்படித் தயாரானது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 2000 பிப்ரவரியில் நாசாவின் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி, ரேடார் மூலம் உலகத்தின் நிலமட்டத்தை அளந்தது. அந்தத் தரவு இன்று இலவசம். அதை மென்பொருளில் ஏற்றி, ‘இத்தனை மீட்டருக்குக் கீழே இருப்பதெல்லாம் சிவப்பு’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் முடிந்தது. ஸ்ரீரங்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 70 மீட்டர். நான் 72 என்று கொடுத்தேன்; சித்தி பார்த்த ஃபிளாட் சிவப்பில் போய்விட்டது. 70 என்று மாற்றினேன், பச்சைக்கு வந்துவிட்டது. ஒரு எண்ணை மாற்றியதில் ஒரு தெருவே தப்பித்தது!

அந்த ஒரே எண்ணைத் தீவு முழுக்கப் பயன்படுத்துவதே தப்பு என்பது அப்புறம்தான் உறைத்தது. மேற்கே முக்கொம்பிலிருந்து கிழக்கே கல்லணைவரை நிலம் பத்து மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஆறும் கூடவே இறங்குகிறது. ‘70 மீட்டருக்குக் கீழே எல்லாம் ஆபத்து’ என்றால், கல்லணைப் பக்கம் ஆற்றிலிருந்து தள்ளி மேட்டில் இருக்கும் வீடும் சிவப்பு. முக்கொம்புப் பக்கம் ஆற்றுக்குள்ளேயே நிற்கும் கொட்டகைகூடப் பச்சை. பாத்டப்பில் தண்ணீர் நிற்பதுபோல ஆற்றை நினைத்து வரைந்த மேப் அது. ஆறு நிற்பதில்லை, ஓடுகிறது.

சரி, அதையும் சரிசெய்து, ஆற்றின் சரிவுக்கு ஏற்றபடி எண்ணை மாற்றிக்கொண்டே வந்தேன். அப்போது அடுத்த சிக்கல். அந்தத் தரவில் ஒரு கட்டம் என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் கிட்டத்தட்ட நாலு கிரவுண்டு. நாலு கிரவுண்டுக்கு ஒரே உயரம்! அதில் ஒரு மூலையில் தெரு, இன்னொரு மூலையில் தோப்பு, நடுவே மூன்று மாடி வீடு இருந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண். அதுவும் முழு மீட்டரில். 70, 71, 72 என்றுதான் வரும், எழுபதே கால் கிடையாது. நாசாவே இந்தத் தரவுக்கு வைத்த இலக்கு, 16 மீட்டருக்குள் பிழை இருக்கலாம் என்பதுதான். சமவெளியில் அதைவிட நன்றாகவே வரும் என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதை முடிவு செய்வது ஒன்றரை அடி. மீட்டர் கணக்கில் தடுமாறும் தராசில் தங்கம் நிறுக்க முடியுமா?

இன்னொன்று, அந்த ரேடார் பார்த்தது தரையை இல்லை. மேலிருந்து முதலில் தட்டுப்பட்டதை. மொட்டை மாடி, தென்னை மட்டை, வாழை இலை. தோப்பு இருக்கும் பள்ளமான இடம் மேப்பில் மேடாகத் தெரியும். தோப்பை வெட்டி ஃபிளாட் கட்டிய இடத்துக்கும் 2000-ம் வருட மர உச்சியின் உயரமே இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தையும் கட்டடத்தையும் கணக்குப் போட்டுக் கழித்துத் தரும் புதிய தரவுகளும் வந்திருக்கின்றன. அவை மேல்தான். ஆனால் கழிப்பதும் கணிப்புதானே?

இந்தத் தென்னை மரத் தொல்லை புதிதில்லை என்பது எனக்குப் பிடித்த தகவல். 1802-ல் சென்னை பரங்கிமலையிலிருந்து இந்தியாவை அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1808-ல் காவிரி டெல்டாவுக்கு வந்தார். தட்டையான நிலம், எங்கு பார்த்தாலும் தென்னை. ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடம் தெரியவில்லை. ஏறிப் பார்க்க மலையும் இல்லை. கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில், அரை டன் எடையுள்ள கோணம் அளக்கும் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டி நிமிர்த்தினாராம். இருநூறு வருடம் கழித்து விண்வெளியிலிருந்து பார்த்த கண்ணையும் அதே தென்னை மறைக்கிறது!

மேப்பில் இல்லாத கரை

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, கரை. ஸ்ரீரங்கத்தை வெள்ளத்திலிருந்து காப்பது அதன் உயரம் மட்டுமில்லை. காவிரிக் கரையும் கொள்ளிடக் கரையும். கரையின் மேல்புறம் நாலைந்து மீட்டர் அகலம் இருக்கலாம். 30 மீட்டர் கட்டத்தில் அது கரைந்துபோய்விடும். லேப்டாப்பில் தண்ணீரை ஓடவிட்டால், கரையே இல்லாததுபோல ஊருக்குள் நுழைந்துவிடுகிறது. கரைக்கு உள்ளே இருக்கும் தெருவெல்லாம் சிவப்பு.

‘அப்ப பயப்பட வேணாமே’ என்றும் சொல்ல முடியாது. கரை இருக்கிறது என்று மேப்பில் கையால் ஒரு கோடு போட்டேன். உடனே தீவு முழுக்கப் பச்சை. அதுவும் பொய்தான். கரை எங்கே பலவீனமாக இருக்கிறது, எங்கே எலிவளை, எங்கே லாரி ஏறி இறங்கிச் சரிந்திருக்கிறது என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. முக்கொம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடம் தண்ணீரை அதிகம் இழுத்துக்கொண்டு காவிரியைக் காயவிட்டதால்தான் ஆர்தர் காட்டன் 1830-களில் அங்கே மேலணையைக் கட்டினார். அதன்பின் பாசனத்துக்கு வேண்டியது காவிரியில், மிஞ்சியது கொள்ளிடத்தில் என்று பிரித்துவிடுகிறார்கள். 180 வருடம் நின்ற கட்டுமானத்தின் 9 மதகுகள் ஒரே இரவில் போனதை எந்த உயர மேப்பும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. அந்த மேப்புக்கு உயரம் தெரியும், வயது தெரியாது.

ஆற்றின் அடிமட்டமும் அப்படித்தான். 2000-ல் அளந்த கொள்ளிடம் இன்றைய கொள்ளிடம் இல்லை. கால் நூற்றாண்டு மணல் எடுத்திருக்கிறோம். எவ்வளவு எடுத்தார்கள் என்பதே கோர்ட் வரை போன கேள்வி. 2023-ல் அமலாக்கத்துறை, தமிழ்நாட்டின் மணல் குவாரிகளை அளக்க கான்பூர் ஐ.ஐ.டி நிபுணர்களைக் கூட்டிவந்தது. எடுக்கப்பட்ட மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய், அரசுக்கு வந்த வருவாயோ 36 கோடி சொச்சம் என்றது அந்தத் துறை. திருச்சி உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்குச் சம்மன் போனது. உச்ச நீதிமன்றம்வரை போய் அவர்கள் ஆஜராக நேர்ந்தது. பிறகு 2024 ஜூலையில், ஒப்பந்ததாரர்கள் மீதான அமலாக்கத்துறை நடவடிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டத்தில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விஷயம். எனக்குப் பட்டது இதுதான்: ஆற்றின் குறுக்கே வருடா வருடம் மட்டம் எடுத்து, அந்தப் படத்தை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தால், ‘எவ்வளவு மணல்’ என்று கண்டுபிடிக்க டெல்லியிலிருந்து ஆள் வர வேண்டியிருக்காது.

ஆற்றுப் படுகை இறங்கினால் வெள்ளம் அடியிலேயே போய்விடுமே, நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்ச தூரத்துக்கு நல்லதுதான், பாலத்தின் தூணுக்கும் மின்கோபுரத்தின் அஸ்திவாரத்துக்கும் அடியில் மண் போகாத வரைக்கும்.

கறுப்பாகத் தெரிவதுதான் தண்ணீர்?

உயரத்தை விடுவோம், நிஜமாகவே வெள்ளம் வந்தபோது எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் தீர்ந்ததே என்று அடுத்த சாயங்காலம் அதில் இறங்கினேன். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். ரேடார் அலை அமைதியான தண்ணீரின்மேல் பட்டால் கண்ணாடியில் பட்டதுபோல வேறு பக்கம் போய்விடும், திரும்பி வராது. அதனால் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். 2024 வெள்ள வாரத்தைத் திறந்தபோது கொள்ளிடம் முழு அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது, அதைச் சொல்ல கூச்சமாக இருக்கிறது.

ஆனால் ஊருக்குள்? வெள்ளை வெளேர். அப்பாடா, தெருவில் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லக் கூடாது. தெருவில் தண்ணீர் நின்றால் அலை அதில் பட்டு, பக்கத்துச் சுவரில் பட்டு, நேராகச் செயற்கைக்கோளுக்கே திரும்பிவிடும். தண்ணீர் நிற்கும் தெரு, காய்ந்த தெருவைவிட வெளிச்சமாகக்கூடத் தெரியலாம். வாழைத் தோப்புக்குள் நிற்கும் தண்ணீரை இலை மறைத்துவிடும். திறந்த வயல் மட்டும்தான் உண்மையைச் சொல்லும். அந்தச் செயற்கைக்கோளும் தினம் வருவதில்லை. நம் தலைக்குமேல் மறுபடி வர நாள்கணக்கு ஆகும். வெள்ளத்தின் உச்சம் இரண்டு வருகைகளுக்கு நடுவே வந்து போய்விட்டால், படத்தில் அது நடக்கவே இல்லை. நிவாரணக் கணக்கை இப்படி ஒரு படத்தை மட்டும் வைத்து யாராவது போட்டால், யாருடைய பெயர் விட்டுப்போகும் என்று யோசித்துப் பாருங்கள். தோப்புக்குள் குடிசை போட்டிருப்பவர் பெயர்தான்.

வண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே தரவை இரண்டு விதமாக வரைந்து சித்திக்கு அனுப்பினேன். ஒன்று சிவப்பு-பச்சை, இன்னொன்று வெளிர்நீலம்-கருநீலம். “இந்த ப்ளூ மேப்ல நம்ம இடம் பரவாயில்லையே!” என்றார். இரண்டிலும் எண் ஒன்றேதான். நம் கண்ணுக்குச் சிவப்பு என்றால் டிராஃபிக் சிக்னல். நீலம் என்றால் காவிரி. மேப் வரைகிறவர் வண்ணம் எடுக்கும்போதே பாதி முடிவை நமக்காக எடுத்துவிடுகிறார்.

இவ்வளவும் சொன்னதால், இந்த மென்பொருள் எல்லாம் வேஸ்ட் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். திருச்சிக்கு இது புதிதும் இல்லை. காஜாமலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறை பல வருடங்களாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. அங்கே பணியாற்றிய பேராசிரியர் சோம. இராமசாமி, காவிரி ஒருகாலத்தில் ஓடிய பழைய தடங்களைச் செயற்கைக்கோள் படங்களில் தேடிப் பதிவு செய்தவர். இன்று வயலாகவும் ஊராகவும் இருக்கும் இடத்துக்கு அடியில் ஆற்று மணல் இருக்கிறது என்பது தரையில் நின்று பார்த்தால் தெரியாது. மேலிருந்து பார்த்தால் ஈரமும் பயிரும் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே இந்தப் படங்கள் சாதித்திருக்கின்றன. ஏனென்றால் பழைய ஆறு கிலோமீட்டர் கணக்கில் அகலம். சித்தியின் வாசற்படி அடிக்கணக்கு. எந்த அளவுகோலுக்கு எந்தப் படம் என்பதை விட்டுவிட்டால்தான் வம்பு.

சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு, மழை, ஏரி, ஆறு, கடல் அலை எல்லாவற்றையும் சேர்த்துக் கணித்து வார்டுவாரியாகத் தண்ணீர் எங்கே வரும் என்று சொல்லும் ‘சி-ஃப்ளோஸ்’ அமைப்பை 2019-ல் கொண்டுவந்தார்கள். அதில் பிழைகள் இருக்கட்டும், பேச்சாவது தெரு அளவுக்கு இறங்கியது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே வாழும் தீவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. கொள்ளிடத்தில் ஒரு லட்சம் கன அடி போனால் எந்தக் கரையில் எவ்வளவு இடைவெளி, இரண்டு லட்சம் போனால் எவ்வளவு? நேரில் மட்டம் எடுத்து, தேதி போட்டு, பொதுமக்கள் செல்போனில் பார்க்கிற மாதிரி ஒரு படம். அது இல்லாத இடத்தில்தான் பேர் தெரியாதவர் வரைந்த சிவப்பு மேப் குடும்ப குரூப்பில் சுற்றுகிறது.

ஸ்ரீரங்கத்துப் பெரியவர்களிடம் ஏற்கெனவே ஒரு கிராஃப் இருக்கிறது. அம்மா மண்டபம் படித்துறை. ‘எத்தனை படி முழுகியிருக்கு?’ என்று கேட்டே ஆற்றின் நிலவரம் சொல்லிவிடுவார்கள். 2024-ல் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்ட அதே வாரம்தான் ஆடிப்பெருக்கு வந்தது. திருவானைக்காவல் கோயில் கருவறையில் நீர் ஊறுவதைப் பார்த்து நிலத்தடி நீரைப் பேசுபவர்களும் உண்டு. க்யூ.ஜி.ஐ.எஸ்-ஸில் அந்தப் படிகளை ஏற்ற ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு படியின் உயரத்தையும் ஒருமுறை சரியாக அளந்து, 2005 வெள்ளத்தில் எங்கே வரை வந்தது, 2018-ல் எங்கே, 2024-ல் எங்கே என்று தெருத் தெருவாகக் கேட்டுப் புள்ளி வைத்தால் போதும். நாசா தரவைவிட அது நம்பகமானது. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு செமஸ்டரில் முடித்துவிடக்கூடிய வேலை.

ஞாயிற்றுக்கிழமை சித்தி, சித்தப்பாவோடு அந்த ஃபிளாட்டைப் பார்க்கப் போனேன். கையில் லேப்டாப் இல்லை, ஒரு இன்ச் டேப் இருந்தது. பக்கத்துப் பழைய வீட்டுக்குள் போக தெருவிலிருந்து இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருந்தது. ஒருகாலத்தில் அந்த வீட்டுக்குப் படி ஏறித்தான் போயிருப்பார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் தெரு வளர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். அதற்கு முன் ஏறிய உயரம் ஏறினதுதான். இதுவும் எந்த மேப்பிலும் இல்லை.

“அப்ப உன் மேப் என்னதான்டி சொல்லுது?” என்றார் சித்தி, திரும்பி வரும்போது ஆட்டோவில்.

“இந்தத் தெரு ஆபத்துன்னு சொல்ற அளவுக்கும் தெரியல, பத்திரம்னு சொல்ற அளவுக்கும் தெரியல சித்தி” என்றேன். அன்றைக்கு ராத்திரி மேப்பில் அந்தப் பகுதியின் சிவப்பை அழித்துவிட்டு, சாம்பல் நிறம் கொடுத்து, ‘கரை உண்டு, மட்டம் எடுக்கவில்லை’ என்று எழுதி, தேதியும் என் பெயரும் போட்டு குடும்ப குரூப்பில் அனுப்பினேன். சிவப்பு மேப்புக்கு வந்த பதில்களில் பாதிகூட இதற்கு வரவில்லை.

அட்வான்ஸ் கொடுப்பதைச் சித்தி இரண்டு வாரம் தள்ளிப்போட்டிருக்கிறார். பில்டரிடம் இரண்டு கேள்விகள் கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். பேஸ்மட்டம் ரோட்டிலிருந்து எத்தனை அடி? 2005-ல் இந்த இடத்தில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?